பல நாள் மலைப்பாதை ஓட்டம்: முதன்முறையாகப் பங்கேற்போருக்கான உடல்நல வழிகாட்டல்

காட்டுத்தடம், தேயிலைத் தோட்டப் பாதை, பாறைச் சரிவு, ஓடைப்படுகை போன்ற இயற்கை வழிகளில் இரண்டு முதல் ஏழு நாட்கள் வரை தொடர்ந்து ஓடியும் நடந்தும் கடக்கும் நெடுந்தொலைவு நிகழ்வே பல நாள் மலைப்பாதை ஓட்டம் எனப்படுகிறது. பெரும்பாலும் நாளொன்றுக்கு 20 முதல் 50 கி.மீ. வரை கடக்க வேண்டியிருக்கும். மொராக்கோவின் சகாரா பாலைவனத்தில் 1986 முதல் நடத்தப்பட்டுவரும் ‘மாரத்தான் தே சாபிள்’ இவ்வகையில் உலகறிந்த நிகழ்வாகும். அதில் ஓடுவோர் தமது உணவையும் படுக்கையையும் தாமே சுமந்து ஏறத்தாழ 250 கி.மீ. செல்கின்றனர். மேற்குத் தொடர்ச்சி மலையில் நடைபெறும் நிகழ்வுகள் தொலைவில் சிறியவையே. எனினும் ஏற்ற இறக்கம், மழை, மூடுபனி, அட்டை, வனவிலங்கு ஆகியவற்றால் அவற்றுக்கே உரிய இடர்கள் உண்டு.

ஒரு நாள் மாரத்தான் ஓட்டத்தை முடித்தவர்கள், பல நாள் ஓட்டத்தை அதே வேலையைச் சில முறை திரும்பச் செய்வதாகக் கருதுவதுண்டு. அது சரியன்று. ஒரு நாள் ஓட்டத்தில் கால் கொப்புளம் என்பது முடிவுக் கோட்டுக்குப் பின் ஆற்றிக்கொள்ளும் தொல்லை. பல நாள் ஓட்டத்திலோ முதல் நாள் மாலையில் தோன்றும் அதே கொப்புளம், நான்காம் நாள் உங்களை வெளியேற்றிவிடும். உடலில் ஏற்படும் சிறு குறை எதுவும் அன்றிரவே சரியாவதில்லை. மறுநாள் கணக்கில் சேர்ந்துகொள்கிறது. எனவே தயாரிப்பு என்பது வேகத்தைக் கூட்டுவதை விட, குறைகளைக் கண்டறிந்து தீர்ப்பதையே பெரிதும் நோக்கமாகக் கொண்டிருக்க வேண்டும்.

முன் மருத்துவப் பரிசோதனை

பதிவுக் கட்டணம் செலுத்துவதற்கு முன்னர் மருத்துவரைச் சந்திப்பது நல்லது. கட்டணம் செலுத்திய பின் வருவோர், மருத்துவர் ‘வேண்டாம்’ என்றாலும் கேட்பதில்லை என்பது நடைமுறை அனுபவம்.

40 வயதைக் கடந்தவர்கள், உயர் இரத்த அழுத்தம், நீரிழிவு, ஆஸ்துமா, சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், ஓடும்போது நெஞ்சு வலியோ மயக்கமோ ஏற்பட்டவர்கள், நெருங்கிய உறவினர் எவரேனும் இளம் வயதில் திடீரென இறந்த குடும்பத்தைச் சேர்ந்தவர்கள் ஆகியோர் கட்டாயம் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். இரத்த அழுத்தம், இரத்தச் சர்க்கரை, ஹீமோகுளோபின், கிரியேட்டினின், ஈ.சி.ஜி. ஆகியவை அடிப்படைப் பரிசோதனைகள். தேவையெனில் டிரெட்மில் பரிசோதனையும் எக்கோவும் பரிந்துரைக்கப்படும்.

பெண்கள் ஹீமோகுளோபின் அளவை அறியாமல் பயிற்சியைத் தொடங்க வேண்டாம். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு இரத்தசோகை உள்ளதாகத் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு கூறுகிறது. மேட்டில் ஏறும்போது வரும் மூச்சிரைப்பைப் ‘பயிற்சி போதவில்லை’ என்று எண்ணி மேலும் ஓடுவோர் பலர். அவர்களுக்கு வேண்டியது இரும்புச்சத்து. நீலகிரி உள்ளிட்ட மலைப்பகுதிப் பழங்குடி மக்களிடையே அரிவாளணு இரத்தசோகை மரபுக்கூறு காணப்படுகிறது. இக்கூறு உள்ளவர்களுக்கு வெப்பத்திலும் நீரிழப்பிலும் கடும் உழைப்பால் தசைச் சிதைவு நேரிடக்கூடும் என்பதால், அதனை மருத்துவரிடம் முன்பே தெரிவிக்க வேண்டும்.

நீரிழிவுக்கு டாபாகிளிஃப்ளோசின் வகை மாத்திரை உட்கொள்வோரும், இரத்த அழுத்தத்துக்குச் சிறுநீர்ப் பெருக்கி மாத்திரை உட்கொள்வோரும், நிகழ்வு நாட்களில் அவற்றைத் தொடர்வதா, இடைநிறுத்துவதா என்பதை மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யவும். தாமாக நிறுத்துவதும் தவறு, தொடர்வதும் தவறு.

பயிற்சி

21 கி.மீ. அரை மாரத்தான் தொலைவைச் சிரமமின்றி ஓடக்கூடியவருக்கு ஐந்து முதல் ஆறு மாதத் தயாரிப்பு போதுமானது. அதற்கும் கீழ் நிலையில் உள்ளவர்கள் ஓராண்டு எடுத்துக்கொள்ளலாம். வாரத் தொலைவைப் படிப்படியாகக் கூட்டி, நான்கு வாரத்துக்கு ஒருமுறை குறைத்து ஓய்வு தருவது எலும்பு முறிவு உள்ளிட்ட மிகைப்பயன்பாட்டுக் காயங்களைத் தவிர்க்க உதவும். கடைசி இரண்டு வாரங்களில் தொலைவைப் பாதியாகக் குறைக்க வேண்டும். அந்நாட்களில் விட்டதைப் பிடிக்க முயல்வோர் களைத்த காலுடன் தொடக்கக் கோட்டுக்கு வருகின்றனர்.

இந்நிகழ்வுக்கே உரிய பயிற்சிகள் இரண்டு. முதலாவது, அடுத்தடுத்த இரு நாட்கள் நெடுந்தொலைவு செல்வது. சனிக்கிழமை 20 கி.மீ., ஞாயிற்றுக்கிழமை 15 கி.மீ. எனத் தொடங்கி உயர்த்தலாம். களைத்த காலுடன் மறுநாள் எழுந்து ஓடும்போது எந்தக் காலணி கடிக்கிறது, எந்த உணவு ஒத்துக்கொள்ளவில்லை என்பவை தெரியவரும். பழனிக்கோ வேளாங்கண்ணிக்கோ பல நாள் பாதயாத்திரை சென்றவர்கள் இப்பாடத்தை ஏற்கெனவே கற்றிருப்பார்கள். மூன்றாம் நாள் காலையின் கால்வலி என்னவென்று அவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இரண்டாவது, இறக்கத்தில் ஓடும் பயிற்சி. ஏற்றமே கடினம் என்று பலரும் எண்ணுகின்றனர். இதயத்துக்கும் நுரையீரலுக்கும் அது உண்மை. தொடைத் தசைக்கோ இறக்கமே கடினம். இறங்கும்போது தசை நீண்டபடியே சுருங்குவதால் நுண்ணிழைகள் சிதைகின்றன. அவ்வலி 24 முதல் 72 மணி நேரத்தில் உச்சத்தை அடையும். அதாவது நிகழ்வின் இரண்டாம், மூன்றாம் நாட்களில். சில வாரங்களுக்கு முன்னரே இறக்கத்தில் மிதமாக ஓடிப் பழகிய தசை இச்சிதைவைப் பெருமளவு தாங்கிக்கொள்ளும். சமவெளியில் வாழ்வோர் பரங்கிமலை, திருநீர்மலை போன்ற குன்றுப் படிகளையோ, அதுவும் இல்லையெனில் அடுக்குமாடிப் படிக்கட்டையோ பயன்படுத்தலாம். ஏறுவதை நடையாகவும் இறங்குவதை மெல்லோட்டமாகவும் செய்யவும். நிகழ்விலும் செங்குத்தான ஏற்றங்களை நடந்தே கடக்க வேண்டும். தேர்ந்த ஓட்டக்காரர்களும் அவ்வாறே செய்கின்றனர்.

காய்ச்சல், உடல்வலியுடன் கூடிய சளி ஆகியவற்றின்போது பயிற்சியை அறவே நிறுத்தவும். வைரசுக் காய்ச்சலின்போது கடுமையாக ஓடுவது இதயத் தசை அழற்சிக்கு வழிவகுக்கக்கூடும்.

பாதப் பராமரிப்பு

இத்தகைய நிகழ்வுகளின் மருத்துவ முகாமில் மிகுதியாகக் காணப்படுவது கொப்புளமே. ஈரம், வெப்பம், உராய்வு ஆகிய மூன்றும் சேரும் இடத்தில் அது தோன்றுகிறது. காலணி அன்றாட அளவை விட அரை அளவு பெரியதாக இருக்கட்டும். நெடுநேர ஓட்டத்தில் பாதம் வீங்கும். இறக்கத்தில் விரல் நுனி காலணியில் முட்டி நகம் கறுக்கும். புதிய காலணியை நிகழ்வுக்கு அணிந்து செல்லக் கூடாது. குறைந்தது 100 கி.மீ. அதே காலணியில் ஓடியிருக்க வேண்டும். பருத்திக் காலுறை ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும் என்பதால் செயற்கை இழை அல்லது மெல்லிய கம்பளிக் காலுறையே ஏற்றது. நாளொன்றுக்கு இரண்டு இணை எடுத்துச் செல்லவும். நகங்களை ஒரு வாரத்துக்கு முன்பே நேராக வெட்டிவிடவும்.

வழக்கமாக உராயும் இடங்களில், காலையில் பாதம் உலர்ந்திருக்கும்போதே மருத்துவக் காகித ஒட்டுநாடாவை ஒட்டிக்கொள்வது பயனளிக்கும். மருந்துக் கடைகளில் குறைந்த விலையில் கிடைக்கும் இந்நாடா கொப்புளங்களைக் குறைப்பதைப் பல நாள் நெடுந்தொலைவு ஓட்டங்களிலேயே நடத்தப்பட்ட ஆய்வு காட்டியுள்ளது. ஓட்டத்தின்போது ஓரிடத்தில் எரிச்சல் தோன்றினால் உடனே நின்று கவனிக்கவும். அடுத்த முகாம் வரை பொறுத்துக்கொள்ளலாம் என்னும் எண்ணம் வேண்டாம். ஐந்து நிமிடம் இழப்பதா, ஐந்து நாள் இழப்பதா என்பதே அங்குள்ள கேள்வி.

சிறிய, வலியற்ற கொப்புளத்தை உடைக்கக் கூடாது. பெரிதாகி நடையைத் தடுக்குமாயின், கைகளையும் அவ்விடத்தையும் தூய்மை செய்து, நுண்ணுயிர் நீக்கிய ஊசியால் ஓரத்தில் துளையிட்டு நீரை வெளியேற்றவும். மேல்தோலை உரித்தெடுக்காமல் மூடிக் கட்டவும். இரத்தம் கலந்த கொப்புளத்தைத் தொடாதிருப்பதே நல்லது. நீரிழிவு நோயாளிகள் எக்கொப்புளத்தையும் தாமே உடைக்கக் கூடாது; சுற்றிலும் சிவந்து, சூடாகி, சீழ் வைத்தால் ஓட்டத்தை நிறுத்திச் சிகிச்சை பெற வேண்டும்.

நீரும் உப்பும்

‘தண்ணீர் நிறையக் குடியுங்கள்’ என்பது பொதுவாக நாங்கள் கூறும் அறிவுரை. நெடுந்தொலைவு ஓட்டக்காரருக்கு அதனை அப்படியே கூறுவதற்கில்லை. நீரிழப்பு தீங்கு விளைவிப்பது போலவே, அளவுக்கு மீறி நீர் அருந்துவதும் இரத்தத்தில் சோடியத்தின் அளவைக் குறைத்து மூளை வீக்கத்துக்கும் உயிரிழப்புக்கும் காரணமாகலாம். 2002-ஆம் ஆண்டு பாஸ்டன் மாரத்தான் ஓடிய 488 பேரின் இரத்தம் ஓட்டத்தின் முடிவில் பரிசோதிக்கப்பட்டது. அவர்களில் 13 விழுக்காட்டினருக்குச் சோடியம் குறைந்திருந்தது. மூவருக்கு உயிருக்கு ஆபத்தான அளவுக்குக் குறைந்திருந்தது. ஓட்டத்தின்போது எடை கூடியவர்களுக்கே இந்நிலை மிகுதியாக ஏற்பட்டது. அதாவது, வியர்வையில் இழந்ததை விட அதிகமாகக் குடித்தவர்களுக்கு.

எனவே தாகத்துக்கு ஏற்ப அருந்துங்கள். மணிக்கணக்கில் அளவு நிர்ணயித்து, தாகமில்லாதபோதும் குடிக்க வேண்டியதில்லை. பயிற்சி நாட்களில் ஓடுவதற்கு முன்னும் பின்னும் எடை பார்த்து வந்தால், உங்கள் உடல் எவ்வளவு இழக்கிறது என்பது விளங்கும். எடையில் இரண்டு விழுக்காடு அளவிலான குறைவு இயல்பானதே. ஓட்டத்துக்குப் பின் எடை கூடியிருந்தால் அருந்தும் அளவைக் குறைக்க வேண்டும்.

உப்புக்கு மோர், உப்பிட்ட கஞ்சி, ரசம், உப்புக்கடலை போன்றவை உதவும். அரசு சுகாதார நிலையங்களில் வழங்கப்படும் ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை ஒரு லிட்டர் நீரில் கரைத்து அருந்தலாம். அரை லிட்டரில் கரைத்தால் ‘சத்து அதிகம்’ என்று எண்ண வேண்டாம், வயிற்றுப்போக்கே மிஞ்சும். ஓ.ஆர்.எஸ். என்பதை ஒத்த பெயரில் கடைகளில் விற்கப்பட்ட இனிப்புப் பானங்கள் உலக சுகாதார நிறுவனத்தின் கலவைக்கு ஈடானவை அல்ல. உப்பு சேர்ந்த பானமாயினும் மிகுதியாக அருந்தினால் சோடியம் குறையவே செய்யும் என்பதையும் நினைவில் கொள்க.

மோதிரம் இறுகும் அளவுக்கு விரல் வீக்கம், தலைவலி, வாந்தி, குழப்பமான பேச்சு ஆகியவை தென்பட்டால் சோடியக் குறைவைச் சந்தேகிக்க வேண்டும். அவருக்குத் தண்ணீர் புகட்டக் கூடாது. நம் ஊரில் களைத்து விழுந்தவருக்கு ‘ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றுங்கள்’ என்று உடன் வந்தோர் கேட்பது வழக்கம். இந்நிலையில் குளுக்கோஸ் நீர் சோடியத்தை மேலும் குறைத்து உயிரைப் பறிக்கக்கூடும். இரத்தச் சோடியம் பரிசோதித்து, தேவையெனில் அடர் உப்புநீர் செலுத்தும் வசதியுள்ள மருத்துவமனைக்கு அவரைக் கொண்டுசெல்ல வேண்டும். ஓடிவந்தவர் எவ்வளவு நீர் அருந்தினார் என்பதை மருத்துவரிடம் கூறுங்கள்.

வலி நிவாரணி மாத்திரைகள்

இபுபுரூஃபன், டைக்ளோஃபினாக், அசிக்ளோஃபினாக் போன்ற மாத்திரைகளை ஓட்டத்துக்கு முன்போ ஓட்டத்தின்போதோ உட்கொள்ள வேண்டாம். ‘முன்னெச்சரிக்கையாக ஒன்று போட்டுக்கொள்’ என்று சக ஓட்டக்காரர் கூறினாலும் கூடாது. நெடுநேர உழைப்பில் சிறுநீரகத்துக்குச் செல்லும் இரத்த ஓட்டம் ஏற்கெனவே குறைந்திருக்கும். இம்மாத்திரைகள் அதனை மேலும் குறைக்கும். பல நாள் ஓட்டங்களில் 80 கி.மீ. பகுதியின்போது நடத்தப்பட்டு 2017-இல் வெளியான ஆய்வில், இபுபுரூஃபன் உட்கொண்டவர்களில் 52 விழுக்காட்டினருக்கும், வெற்று மாத்திரை உட்கொண்டவர்களில் 34 விழுக்காட்டினருக்கும் சிறுநீரகச் செயல்பாடு பாதிக்கப்பட்டிருந்தது. மாத்திரை இன்றியே மூவரில் ஒருவருக்குப் பாதிப்பு என்பதையும் இதில் கவனிக்க வேண்டும். பெரும்பாலோர் தாமாகத் தேறிவிடுவர் எனினும், மறுநாளும் அதற்கு மறுநாளும் ஓட வேண்டிய உடலுக்கு இச்சுமை தேவையற்றது. வலி தாங்கவில்லையெனில், கல்லீரல் நோய் இல்லாதவர்கள் பாராசிட்டமால் 500 மி.கி. மாத்திரையை உரிய இடைவெளியில் உட்கொள்ளலாம். மாத்திரையின்றி நடக்கவே இயலாத வலி என்பது ஓட்டத்தை நிறுத்தும்படி உடல் கூறும் செய்தியாகும்.

சிறுநீர் கறுப்புக் காப்பி நிறத்தில் வெளியேறினால் தசைச் சிதைவு ஏற்பட்டுள்ளது என்று பொருள். அன்றே மருத்துவமனைக்குச் செல்லவும்.

உணவு

ஓடும்போது மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து தேவைப்படும். விலையுயர்ந்த ஜெல் பொட்டலங்கள்தாம் வேண்டும் என்பதில்லை. வாழைப்பழம், பேரீச்சை, கடலைமிட்டாய், பொரிவிளங்காய் உருண்டை ஆகியவை நன்கு பயன்படும். எதுவாயினும் பயிற்சியில் உண்டு பழகியதையே கொண்டுசெல்லவும். ஓட்டம் முடிந்த ஒரு மணி நேரத்துக்குள் சோறும் பருப்பும் முட்டையுமாக முழு உணவு உட்கொண்டால்தான் மறுநாளுக்கான ஆற்றல் தசையில் சேரும். களைப்பால் பசியின்றி உறங்கிவிடுவது பலரும் செய்யும் பிழை. ஓடைநீரை, எவ்வளவு தெளிவாக இருப்பினும், கொதிக்க வைக்காமலோ குளோரின் மாத்திரை இடாமலோ அருந்தக் கூடாது.

வெப்பமும் குளிரும்

அடிவாரப் பகுதிகளில் வெப்பத்தாக்கம் நேரிடலாம். உடலின் உள்வெப்பம் 40 டிகிரி செல்சியசைக் கடந்து, நடை தள்ளாடி, பேச்சு குழறினால் அது உயிர்காக்கும் அவசரநிலை. அத்தகையவர் வியர்த்துக்கொண்டும் இருக்கலாம். வியர்வை உள்ளது என்பதற்காக வெப்பத்தாக்கம் இல்லையென்று முடிவு செய்ய வேண்டாம். ஆம்புலன்சு வரும்வரை காத்திராமல், தலையை நீருக்கு மேல் தாங்கிப் பிடித்தபடி, கழுத்து வரை குளிர்ந்த நீர்த் தொட்டியில் அமர்த்தவும். தொட்டி இல்லையெனில் தொடர்ந்து நீரூற்றி விசிறவும். முதலில் குளிர்வித்தல், பிறகு கொண்டுசெல்லுதல் என்பதே முறை. குளிர்ந்த பகுதியிலிருந்து வெப்பப் பகுதிக்குச் சென்று ஓடுபவர்கள் ஒன்று முதல் இரண்டு வாரம் வெப்பத்தில் மிதமாகப் பயின்று உடலைப் பழக்க வேண்டும்.

குளிரைத் தமிழ்நாட்டு ஓட்டக்காரர்கள் குறைத்தே மதிப்பிடுகின்றனர். 2021 மே 22 அன்று சீனாவின் கான்சு மாநிலத்தில் நடைபெற்ற 100 கி.மீ. மலைப்பாதை ஓட்டத்தில் 172 பேர் பங்கேற்றனர். பெரும்பாலோர் மெல்லிய மேற்சட்டையும் அரைக்கால் சட்டையும் அணிந்திருந்தனர். நண்பகலில் மலையுச்சியை நெருங்கியபோது கடுங்காற்றும் மழையும் ஆலங்கட்டியும் தாக்க, வெப்பநிலை திடீரெனச் சரிந்தது. உடல்வெப்பம் குறைந்து 21 பேர் உயிரிழந்தனர். இறந்தவர்களுள் அந்நாட்டின் முன்னணி ஓட்டக்காரர்களும் இருந்தனர். ஆடு மேய்க்கும் ஒருவர் தாம் ஒதுங்கியிருந்த குகைக்கு ஓட்டக்காரர்கள் சிலரை அழைத்துச் சென்று, தீ மூட்டி ஆறு பேரைக் காப்பாற்றினார். அது மே மாதம் என்பதும், பாலை சார்ந்த நிலப்பகுதி என்பதும் கவனிக்கத்தக்கவை.

ஒவ்வொரு ஆயிரம் மீட்டர் உயரத்துக்கும் வெப்பநிலை ஏறத்தாழ 6 டிகிரி குறையும். தொட்டபெட்டா 2,637 மீட்டர் உயரமுடையது. நனைந்த ஆடையுடன் காற்றில் நிற்பவருக்கு 10 டிகிரியிலும் உடல்வெப்பம் ஆபத்தான அளவுக்குக் குறையலாம். ஆதலால் தொடக்கத்தில் வெயில் அடித்தாலும், நீர்புகா மேலங்கி, உலர்ந்த முழுக்கை உள்ளாடை, தலைக்குல்லாய், அவசரகாலப் போர்வை, ஊதல், தலைவிளக்கு ஆகியவை பையில் இருக்க வேண்டும். நெகிழிப் பையில் சுற்றி வைக்கவும். நடுக்கம் தோன்றும்போதே ஆடையை மாற்றி, இனிப்பு உண்டு, காற்று படாத இடத்துக்குச் செல்லவும். நடுக்கம் நின்று, தடுமாற்றமும் உறக்கமும் தொடங்கினால் நிலைமை தேறவில்லை, மோசமடைந்துள்ளது. அவரைத் தேய்த்து விடாமலும் ஓட வைக்காமலும் படுக்கவைத்துப் போர்த்தி உதவி கோரவும். மது கொடுக்கக் கூடாது.

காட்டில் கவனிக்க வேண்டியவை

அட்டை கடித்தால் நகத்தால் அதன் வாய்ப்பகுதியை நெம்பி எடுத்துச் சோப்பு நீரால் கழுவினால் போதும். ஓட்டம் முடிந்த பின் ஒன்று முதல் இரண்டு வாரத்தில் காய்ச்சல் வந்தால், இடுப்பு, அக்குள், கவட்டை ஆகிய இடங்களில் கருகிய தழும்பு போன்ற புண் உள்ளதா எனப் பார்க்கவும். அது உண்ணிக்காய்ச்சல் எனப்படும் ஸ்க்ரப் டைபசின் அடையாளமாகும். எளிய மருந்தால் குணமாகும், காலம் தாழ்த்தினால் உயிரிழப்பு நேரிடும். சேற்றுநீரில் புண்ணுள்ள காலுடன் சென்றவர்களுக்கு எலிக்காய்ச்சலும் வரலாம். மலைக்குச் சென்றுவந்ததை மருத்துவரிடம் தவறாமல் கூறவும். பாம்புக்கடியில் இறுக்கிக் கட்டுவதும் கீறுவதும் கூடாது. கடிபட்ட உறுப்பை அசைக்காமல் விரைந்து மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லவும். நாயோ குரங்கோ கடித்தால் 15 நிமிடம் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு கழுவி, அன்றே தடுப்பூசி போடவும்.

2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் ஏற்பட்ட காட்டுத்தீயில் மலையேற்றம் சென்ற 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். எனவே வனத்துறையின் அனுமதி பெற்ற நிகழ்வில் மட்டுமே பங்கேற்கவும். ஏற்பாட்டாளரிடம் வழித்தடத்தில் மருத்துவர் இருப்பாரா, கைப்பேசி அலைவரிசை இல்லாத பகுதியில் தொடர்புக்கு என்ன வழி, நடக்க இயலாதவரை எந்தப் பாதையில் எவ்வளவு நேரத்தில் சாலைக்குக் கொண்டுவருவர் ஆகிய மூன்றையும் கேளுங்கள். தெளிவான விடை கிடைக்காவிடில் அந்நிகழ்வைத் தவிர்க்கவும்.

நெஞ்சு வலி, மயக்கம், குழப்பம், நிற்காத வாந்தி, பல மணி நேரம் சிறுநீர் வெளியேறாமை, ஓரிடத்தில் அழுத்தினால் சுருக்கென வலிக்கும் எலும்பு ஆகியவற்றுள் ஒன்று இருப்பினும் அன்றைய ஓட்டத்துடன் நிறுத்திக்கொள்ள வேண்டும். உடன் ஓடுபவரிடம் இவற்றைக் கண்டால் அவரைத் தனியே விட்டுச் செல்லாதீர்கள். குழம்பிய நிலையில் உள்ளவர் ‘நான் நன்றாகவே இருக்கிறேன்’ என்றுதான் கூறுவார். அவசர ஊர்திக்கு 108, மருத்துவ ஆலோசனைக்கு 104 ஆகிய எண்களை அழைக்கலாம். உங்கள் பெயர், இரத்த வகை, ஒவ்வாமை, உட்கொள்ளும் மருந்துகள், வீட்டுத் தொலைபேசி எண் ஆகியவற்றை எழுதிய அட்டையைப் பையின் மேலறையில் வைத்திருக்கவும்.